ஒரு புரதம், ஒற்றைக் கண், ஆறாம் விரல்: விலங்கியல் டீச்சர் பதில்கள்

வேலந்தாவளம்: டீச்சர், எங்கள் பட்டியில் ஒரு குட்டி நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்து உடனே செத்துப்போச்சு. சினை ஆட்டைக் கிரகணத்தில் வெளியே கட்டியதால்தான் என்கிறார் மாமியார்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவில் கண்ணுக்கான இடம் முதலில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை இடம், வலம் என்று பிரிக்க ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதம் வேண்டும். அதன் சேதி தடைபட்டால் கண் ஒன்றாகவே நின்றுவிடும். 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோவில் செம்மறிக் குட்டிகள் இப்படிப் பிறந்தன. சினை பிடித்த 14-ஆம் நாள் வாக்கில் தாய் ஆடுகள் ஒரு காட்டுச் செடியை மேய்ந்ததே காரணம். அதிலுள்ள சைக்ளோபமீன், சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ‘ஸ்மூதண்ட்’ புரதத்தை முடக்கிவிடுகிறது. அந்தச் செடி நம் பக்கம் இல்லை. மரபணுக் கோளாறாலும் இது வரும். இன்னொரு குட்டி இப்படிப் பிறந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாளையார்: பையனுக்குக் கட்டைவிரல் பக்கம் ஆறாவது விரல். இதுவும் அதனாலா?

இருக்கலாம். கை அரும்பும்போது இந்தப் புரதம் சுண்டுவிரல் ஓரத்தில் மட்டுமே சுரக்க வேண்டும். கட்டைவிரல் ஓரத்திலும் சுரந்தால் விரல் கூடும். இதை இயக்கும் டி.என்.ஏ. துண்டு, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் விரலில் தெரிந்துவிடும். எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

கோவிந்தாபுரம்: இந்த ஹெட்ஜ்ஹாக் சேதி புற்றுநோய்க்கும் காரணம் என்கிறார்களே, கருவை வளர்ப்பது புற்றுநோயை எப்படித் தரும்?

செல்லைப் பெருகச் சொல்லும் அதே சேதி, வேண்டாத காலத்தில் ஓயாமல் ஒலிப்பதால். ‘பேட்ச்ட்’ என்றொரு புரதம் ஸ்மூதண்டை அடக்கி வைத்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்தால்தான் அந்தப் பிடி தளரும். பேட்ச்ட் மரபணு பழுதானால் யாரும் வராமலே செல் பெருகும். தோலின் அடித்தளச் செல் புற்று பெரும்பாலும் இப்படித்தான். குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா மூளைக்கட்டியில் ஒரு பகுதியும் இதனால்தான். ஸ்மூதண்டை அடைக்கும் விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆட்டுக்குட்டிக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும்: கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை: அந்தச் செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்று கரையுமா?

கரையாது. இதயத் துடிப்பைத் தாழ்த்தும் நஞ்சு அது.

சித்தூர்: கஷாயம் வேண்டாம், பொடியாக?

மேலே உள்ள பதிலையே படியுங்கள். கர்ப்பிணிகள் எந்தப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

மீனாட்சிபுரம்: கிரகணத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே! எங்கள் அத்தை கிரகணத்தன்று காய் நறுக்கினார், பிள்ளைக்கு உதடு பிளந்தது. பெரியவர்கள் சொன்னது பொய்யா?

அப்போது அத்தைக்கு எத்தனையாவது மாதம்?

மீனாட்சிபுரம்: ஏழு.

மேலுதடு கூடி முடிவது ஏழாவது வாரத்தில். அத்தை அரிவாள்மனையைத் தொடுவதற்குப் பல மாதம் முன்பே பிளவு உண்டாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தம்மா எத்தனை பேச்சு கேட்டிருப்பார்! இன்றைக்கே போய் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களும் கூட இருக்கும்போது சொல்லுங்கள்.