பிக்கப் தூக்கிப் போடுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பின்புறம் பட்டை ஸ்பிரிங் வைத்த பிக்கப், காலியாக ஓடும்போது கார் மாதிரி மிதக்காது. சுமையைத் தாங்கவே அந்தப் பட்டைகளுக்கு அவ்வளவு விறைப்பு. ஆனால் வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகத் தூக்கிப் போட்டால் நிச்சயம் ஒரு காரணம் இருக்கும். டயர் காற்று, புஷ் (பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் உருளை), ஷாக் (ஷாக் அப்சார்பர்) என்ற வரிசையில் பாருங்கள். ஸ்பிரிங்கில் கை வைப்பது கடைசி வேலை.

டபுள் கேப் பிக்கப் வாங்கியிருக்கிறோம்ங்க, 18 இஞ்ச் வீல். தேங்காய் லோடு மாசத்துக்கு ரெண்டு தடவைதான். மத்த நாளெல்லாம் வீட்டு ஆளுங்கதான் போறோம். வேகத்தடை ஏறி இறங்கினா பின் சீட்டுல அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்குது. என்ன பண்ணலாம்ங்க? (பொள்ளாச்சி)

முதலில் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலான பிக்கப்புகளில் காலி வண்டிக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறோர் அளவு என்று அதில் போட்டிருக்கும். லோடு ஏற்றிய அன்று அடித்த காற்றோடு மாதம் முழுக்க ஓட்டுவதுதான் பல வண்டிகளில் நடக்கிறது. பின் டயரில் 10 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தால், சின்னக் குழிகூட நேராக முதுகில் வந்து அடிக்கும்.

காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடேறும் முன்பு அளந்து, காலி வண்டிக்கான அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டில் வேகமாகப் போகும்போது அது வெடிப்பில் முடியலாம். ஓடிச் சூடான டயரில் அளவு நாலைந்து பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். லோடு ஏற்றும் நாளில் மறக்காமல் சுமைக்கான அளவுக்கு ஏற்றுங்கள். சொந்தமாக ஒரு கேஜும் 12 வோல்ட் பம்பும் வண்டியில் இருந்தால் இது பத்து நிமிட வேலை.

அடுத்தது டயர். உங்களுடையது 255/60 R18 என்றால் பக்கச்சுவர் உயரம் 153 மி.மீ. அதையே 16 இஞ்ச் ரிம்மில் 255/70 R16 ஆக மாற்றினால் வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதே 763 மி.மீ.தான், ஸ்பீடாமீட்டர் மாறாது. பக்கச்சுவர் மட்டும் 25 மி.மீ. கூடும். குழியின் அடியை வாங்கிக்கொள்ள அவ்வளவு ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. முன் பிரேக் காலிப்பர் 16 இஞ்ச் ரிம்மில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டயர் தாங்கும் எடையைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ஆனால் 'எல்டி' என்று போட்ட 8 பிளை, 10 பிளை டயர் வேண்டாம். அது உறுதியானது, ஆனால் உங்கள் தேவைக்கு மிக விறைப்பானது. இப்போதுள்ள டயர் தேயும்வரை காத்திருந்து மாற்றினால் செலவு உறைக்காது. அதுவரை அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பின் ஆக்சிலிலிருந்து தள்ளிப் போகப் போக உதை குறையும்.

ஸ்பிரிங் பட்டறையில ரெண்டு பட்டையைக் கழட்டிட்டா மெத்துனு ஆயிடும்ங்கிறாங்க. கழட்டலாமுங்களா? (சத்தியமங்கலம்)

வேண்டாம். எந்தப் பட்டையைக் கழற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். பல பிக்கப்புகளில் அடியில் உள்ள தடித்த பட்டை, காலி வண்டியில் மேல் பட்டையைத் தொடுவதே இல்லை. சுமை ஏறிக் கட்டு அமுங்கிய பிறகுதான் அது வேலைக்கு வரும். அதைக் கழற்றினால் காலி ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, லோடு ஏற்றினால் மட்டும் வண்டி உட்காரும். நடுப் பட்டைகளைக் கழற்றினால் மெத்தென்று ஆவது உண்மைதான். ஆனால் அதோடு வேறு சில தொல்லைகளும் வரும்.

பட்டைக் கட்டு வண்டியைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்சிலைத் திருகாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். டீசல் இஞ்சின் முதல் கியரில் இழுக்கும்போது, பலம் குறைந்த கட்டு ‘எஸ்’ போல வளையும். ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு மேலே தூக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் மாறும், கிளம்பும்போது வண்டி உதறும். மீதியுள்ள மெயின் பட்டை மொத்த வேலையையும் தனியாகச் செய்து, ஒருநாள் முனையில் போல்ட் போகும் கண் பக்கத்தில் ஒடியும்.

பிரேக் இன்னும் முக்கியம். பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால், அது சுமைக்குத் தகுந்தபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி. பட்டையைக் கழற்றியதும் பின்பக்கம் இறங்கும். வண்டியில் லோடு இருப்பதாக எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில், தூறல் விழுந்த ரோட்டில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போகும் ஊர்க்காரர் நீங்கள். இந்த ஆபத்து உங்களுக்கு வேண்டாம்.

சுமை ஏற்றவே போவதில்லை என்றால், குறைந்த சுமைக்கென்று உங்கள் மாடலுக்கே செய்த முழுக் கட்டை அதற்குப் பொருந்தும் ஷாக்கோடு சேர்த்து மாட்டுங்கள். வால்வுக் கம்பியைத் திரும்ப செட் செய்யச் சொல்லுங்கள். சரக்கு வண்டியாகப் பதிவானது என்றால் எஃப்.சி.யில் இது கேள்விக்கு வரும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

இட்டேரியில போனா பின்னால கிறீச் கிறீச்னு சத்தம், விறைப்பும் கூடிப்போச்சு. பழைய இஞ்சின் ஆயிலைப் பட்டையில ஊத்தச் சொல்றாங்க. (கோபிசெட்டிபாளையம்)

ஊற்றினால் ஒரு வாரம் சத்தம் இருக்காது. பிறகு செம்மண் தூசி அந்த எண்ணெயில் குழைந்து, பட்டைகளை உரசித் தேய்க்கும். ரப்பர் புஷ்களும் எண்ணெய் பட்டு ஊறி உப்பிப் போகும்.

பட்டைகளுக்கு இடையில் துருவும் மண்ணும் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது; மொத்தக் கட்டும் ஒரே கட்டையாக நிற்கும். விறைப்பு கூடியதற்கு அதுதான் காரணம். முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்சில் தொங்கும்போது பட்டை முனைகள் விலகும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, தண்ணீர் அடித்துக் காயவிடுங்கள். முனைகளில் பிளாஸ்டிக் லைனர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். விலை அதிகமில்லை, பலன் பெரிது. பட்டை முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஷேக்கிளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். நிப்பிள் இல்லாத ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் கூடாது. சிலிகான் ஸ்பிரே போதும்.

புஷ் மாற்றும்போது பல பட்டறைகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆக்சில் தொங்கும் நிலையிலேயே ஷேக்கிள் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். வண்டியும் விறைப்பாக ஓடும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கையால் மட்டும் திருகி வைத்து, நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள். பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போட்டு, நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சால் இறுக்கி, 500 கி.மீ. ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் ஒடியும், ஆக்சில் நகரும்.

கேஸ் ஷாக் போட்டா சொகுசா இருக்குமா? (திருப்பூர்)

ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. குழியின் முதல் அடியை அது மெத்தென்று ஆக்காது. இறுக்கமான கேஸ் ஷாக் காலி வண்டியில் அந்த அடியைக் கூட்டவும் செய்யும். ஷாக் மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தாலோ, மேட்டில் ஏறி இறங்கிய பிறகு பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடினாலோ மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே. கழற்றி, நிற்க வைத்த நிலையில் கையால் அமுக்கி இழுத்துப் பாருங்கள். வழியில் எங்காவது தடையே இல்லாமல் வழுக்கினால் அது போய்விட்டது. புதியதையும் மாட்டும் முன் அதே போல நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் உடைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஆக்சில் நேராக சேஸிஸில் மோதும்.

முன்னாடி ஸ்பேசர் வச்சு ரெண்டு இஞ்ச் தூக்கினோம். இப்ப பள்ளத்துல இறங்கினா ‘டக்’னு அடிக்குது. (உடுமலை)

சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை ஸ்பேசர் தின்றுவிட்டது. பள்ளத்தில் இறங்கியதும் ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்று அடிக்கிறது. எடுத்துவிடுங்கள், அல்லது அரை உயரத்துக்கு மாற்றி வீல் அலைன்மெண்ட் பாருங்கள்.

மஞ்சள் மூட்டை ஏத்தினா வண்டி உக்காருது. பட்டை சேர்த்தா காலியா வரும்போது எலும்பு நொறுங்குது. ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்குங்களா? (ஈரோடு)

ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை இருக்கிறது. லோடு ஏற்றியதும் வண்டி மட்டமாக நிற்கும் வரை காற்று அடித்து, இறக்கியதும் குறைத்துவிடலாம். ஆனால் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு, பெரும்பாலும் 5 பிஎஸ்ஐக்கு, கீழே இறக்கக் கூடாது. காலிப் பை மடிந்து கிழியும். வண்டி மட்டமாக நிற்பதால் சுமைத் திறன் கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

பின்னால மணல் மூட்டை போட்டு ஓட்டலாமா? (காங்கேயம்)

தற்காலிகமாக ஓட்டலாம். 50 கிலோ மூட்டை இரண்டு போதும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். பிரேக் அடித்தால் கட்டாத மூட்டை கேபினை நோக்கி வரும். டெயில் கேட் ஓரத்தில் வைத்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும்.

80-ல போனா ஸ்டியரிங் உதறுது. ஷாக் மாத்தணுமா? (பல்லடம்)

வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கோளாறு. கரிசல் காட்டுக்குள் போய் வந்திருந்தால் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். காய்ந்து ஒட்டிய மண் கட்டியே போதும் உதறலுக்கு. கழுவியும் நிற்காவிட்டால் பேலன்ஸ் போட்டு, அங்கேயே ரிம் வளைந்திருக்கிறதா என்றும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.