அகதி முகாமில் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு? அந்தப் பணத்துக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாமே?

இப்படிக் கேட்கிறவர்களின் கோபம் புரிகிறது. பாதி நியாயம் என்றும் சொல்வேன். ஆனால் மருந்து வாங்குவதற்கு முன்னால் எந்த மருந்தை, யாருக்கு, யார் கையால் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரியில் ஒழுங்காக வேலை செய்யும் வைத்தியம், கரண்டும் நர்சும் இல்லாத சேற்றுத் தரையில் படுத்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. பொது சுகாதாரக் கணக்கெடுப்புகளில் எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது, கேள்வியை எப்படிக் கேட்பது, வந்த பதில் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் சொந்தக் கட்சி பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

1971. கிழக்குப் பாகிஸ்தானில் போர். சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காள எல்லையோர ஊரான போன்காவின் சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு அறை முழுக்கக் காலரா நோயாளிகள். கட்டில் போதாமல் தரையில் கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலனாபிஸ், அவர்களுக்கு ஊசி ஏற்ற மலத்திலும் வாந்தியிலும் முழங்கால் போட்டு உட்கார வேண்டியிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். காலராவுக்கு அன்று எல்லோரும் நம்பிய வைத்தியம் நரம்பு வழியாக ஏற்றும் சலைன். அது தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்துக் குடித்தால் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடமே அதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அது ஆராய்ச்சி வார்டு. எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து எழுத ஆள் இருந்த இடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா தன் பிள்ளைக்குத் தானே ஊட்டினால் பலிக்குமா? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பலிக்காது என்றுதான் பல டாக்டர்கள் நினைத்தார்கள்.

மஹலனாபிஸுக்கு வேறு வழி இல்லை. கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் நூலக அறையிலேயே பாக்கெட் போட ஆரம்பித்தார்கள். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பொட்டாசியமும் சேர்ப்பதுதான் முறை. வேலை எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிளாஸ்டிக் பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. போன்காவில் அதை டிரம்மில் கலந்து வைத்தார்கள். கூட வந்த சொந்தக்காரர்களே கோப்பையில் பிடித்து ஊட்டினார்கள். சுமார் இரண்டு மாதத்தில் 3,700-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றார்கள். 30 சதவீதம் வரை போன சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

எந்தப் புள்ளியியல் பேராசிரியரும் இதை நல்ல ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு கிடையாது, மோசமான நிலையில் வந்தவர்களுக்கு முதலில் சலைனும் ஏற்றினார்கள். ஆனாலும் அந்த நெருக்கடியிலும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று குறித்து வைத்தார்கள். 1973-இல் அது கட்டுரையாக வந்தது. குறிக்காமல் விட்டிருந்தால் போன்காவில் பிழைத்தவர்களோடு விஷயம் முடிந்திருக்கும். இன்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓஆர்எஸ் (குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசல்) பாக்கெட்டை உலகம் நம்பியதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சரி, பாக்கெட்டே போய்ச் சேராத வீடுகளுக்கு? 1980-இலிருந்து வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று கற்றுக்கொடுத்தார்கள். பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். எனக்குப் பிடித்தது அவர்கள் சம்பளம் போட்ட முறை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய், சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று சோதிப்பார். எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கூலி. அப்படியும் ஆரம்பத்தில் கரைசலை உண்மையில் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஏன் என்று விசாரித்தபோது, கற்றுக்கொடுக்கும் பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் சரி செய்தார்கள். நான் ஆராய்ச்சி என்று சொல்வதில் இந்த விசாரணையும் அடக்கம். சோதனைக் குழாய் எதுவும் இல்லை, கேள்வி மட்டும்தான்.

எல்லாம் தெரிந்திருந்தும் கைவிட்டுப்போன இடமும் உண்டு. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் இன்றைய காங்கோவின் கோமா நகருக்கு வந்து சேர்ந்தார்கள். எரிமலைப் பாறை நிலம், கழிப்பறைக் குழிகூடத் தோண்ட முடியாது. குடிக்கக் கிவு ஏரித் தண்ணீர். காலரா வந்தது, பின்னாலேயே சீதபேதியும். முதல் மாதத்தில் மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் இறந்தார்கள். ஓஆர்எஸ் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்ணீர் போய்ச் சேரத் தாமதமாயிற்று. சிகிச்சைக்கு வந்த குழுக்களில் பலவற்றுக்குக் காலரா அனுபவமே இல்லை, நோயாளிக்கு எவ்வளவு குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. இதெல்லாம் எப்படித் தெரியும்? பிணம் ஏற்றிய லாரிகளின் கணக்கையும் முகாமில் நடத்திய கணக்கெடுப்புகளையும் வைத்துச் சிலர் உட்கார்ந்து எழுதினார்கள்.

சாவை எண்ணுவது என் வேலைக்கு நெருக்கமான பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முகாம்களில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளில் ஒரு சாவைத் தாண்டினால் அவசர நிலை. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். நம் நாட்டில் சாதாரண காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறேழு பேர் இறக்கிறார்கள். அதே கணக்கில் போட்டால் 0.2-ஐக்கூடத் தொடாது. கோமாவில் அது 20-க்கும் மேல்.

இந்த எண்ணை எடுப்பது சுலபமில்லை. முகாமில் இறப்புப் பதிவேடு இருக்காது. அதனால் சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் இரவு பகலாக ஆளைப் போட்டு எண்ணச் சொல்வார்கள். இறந்தவரைப் போர்த்தத் துணியை இலவசமாகக் கொடுப்பதும் உண்டு, துணி வாங்க வருகிறவர்கள் மூலம் சாவு பதிவாகிவிடும். இல்லையென்றால் வீடு வீடாகப் போக வேண்டும். "மூன்று மாதத்துக்கு முன்னால்" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "ரம்ஜானுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் வரும். அன்று இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அப்புறம் யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யார் இறந்தார்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர் குறைந்துவிடும் என்று சாவை மறைக்கிறவர்கள் உண்டு, நானும் மறைத்திருப்பேன். ஒரு குடும்பமே அழிந்துவிட்டால் பதில் சொல்ல ஆளே இருக்காது. ஆக, வரும் எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவு. அந்தக் குறைந்த எண்தான் தண்ணீர் லாரி வேண்டும், தட்டம்மைத் தடுப்பூசி வேண்டும் என்று கேட்கப் போகிறவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

இனி உங்கள் கோபத்தின் நியாயமான பாதி. 1996-இல் வடக்கு நைஜீரியாவில் மூளைக்காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். கானோ நகரத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வழக்கமான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே ஆஸ்பத்திரிக்கு ஃபைசர் நிறுவனம் வந்து 200 குழந்தைகளைச் சேர்த்தது. பாதிப் பேருக்குத் தன்னுடைய புதிய மருந்து டிரோவன், பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த செஃப்ட்ரையாக்சோன். 11 குழந்தைகள் இறந்தார்கள், முதல் குழுவில் 5, இரண்டாவதில் 6. எண்ணை மட்டும் பார்த்தால் புது மருந்து மோசமில்லை என்றே தோன்றும். ஆனால் பிள்ளை ஒரு சோதனையில் இருக்கிறது என்பதே தங்களுக்குத் தெரியாது என்று பெற்றோர் பலர் சொன்னார்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்ததாகக் காட்டிய கடிதம் பிறகு தயாரித்து முன்தேதி போட்டது என்றும் செய்தி வந்தது. நிறுவனம் தப்பு செய்யவில்லை என்றே சொல்லிவந்தது. கடைசியில் 2009-இல் கானோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதற்கிடையில் 2003-இல் கானோ போலியோ சொட்டு மருந்தையே நிறுத்திவைத்தது. காரணங்கள் பல, டிரோவன் கசப்பு அதில் ஒன்று. போலியோ அங்கிருந்து பல நாடுகளுக்குத் திரும்பப் போனது.

போன்காவில் கேள்வி அங்கே கிடந்தவர்களிடமிருந்து எழுந்தது. கானோவில் அது கம்பெனியின் பெட்டியில் ஏறி வந்தது. நோயாளிக்கு வேறு மருந்து அதே வளாகத்தில் இருந்தது, சோதனை தேவைப்பட்டது மருந்துக்கு. ஒரு ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

"அமைதியான காலத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு வரட்டும்" என்று சிலர் சொல்வார்கள். எபோலாவுக்கு அது முடியாது, நோய் பரவும்போதுதான் தடுப்பூசி தடுக்கிறதா என்று பார்க்க முடியும். கனடாவில் உருவான ஒரு தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றுகிறது என்று 2005-இலேயே தெரியும். பிறகு வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் வெடித்து, அது அடங்குவதற்குள் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்குத் தடுப்பூசிக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீரைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது முறையா என்று பெரிய சண்டை நடந்தது. அங்கே கினி நாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கு நோய் வந்தால் அவரைச் சுற்றியிருப்பவர்கள், அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரு வளையம். பெரியம்மையை ஒழித்தபோது கையாண்ட யோசனைதான். சில வளையங்களுக்கு உடனே ஊசி, சிலவற்றுக்கு 21 நாள் கழித்து. குலுக்கல் முறையில் முடிவு. போட்டுக்கொள்ளச் சம்மதித்த யாருக்கும் ஊசி இல்லாமல் போகாது. உடனே போட்டவர்களிடம் பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை, தாமதமாகப் போட்ட பக்கம் 16 பேருக்கு வந்தது. 2015 ஜூலையில் இது தெரிந்ததும் தாமதத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த 16 பேரைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊசி பலிக்கும் என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, கையில் இருந்ததோ புதுச் சரக்கு. அதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான பதில். போதுமா என்றால், எனக்கே சில நாள் போதவில்லை.

பணத்தைப் பற்றி. நல்ல கணக்கெடுப்புக்குப் பெரிய செலவு கிடையாது. ஆட்களைப் பிடித்து இரண்டு நாள் பயிற்சி, வண்டி, சாப்பாடு, ஒரு மேஜை. வீணாவது வேறு இடத்தில். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஒரு கணக்கெடுப்பில் இருந்தேன். கூரை பறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "நேத்து வந்தவங்களும் இதையேதான் தம்பி கேட்டாங்க. அந்தத் தாளை வாங்கிப் பாத்துக்கக் கூடாதா?" என்றார். விசாரித்தால் உண்மைதான். மூன்று குழுக்கள், ஏறக்குறைய ஒரே கேள்வித்தாள், ஒருவருக்கொருவர் தெரியாது. பாட்டிக்கு அதுவரை ஒரு தார்ப்பாய்கூட வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊராட்சி அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் யார் யார் ஏற்கெனவே வந்து எழுதிக்கொண்டு போனார்கள் என்று கேட்டு, கிடைத்தால் அந்தத் தாளை வாங்கிவிடுவோம். பாதிக் கேள்விகளை அங்கேயே அடித்துவிடலாம்.