கறுப்பா சளி வருது, எக்ஸ்ரே நார்மல்: நுரையீரல் நல்லாத்தான் இருக்கா?

கேள்வி: வயசு 34. 12 வருஷமா லாரி ரிப்பேர் ஷெட்ல வேலை. இன்ஜினை ஓடவிட்டுதான் செக் பண்ணணும், புகை முழுக்க உள்ளயே நிக்கும். காலைல காறித் துப்புனா கறுப்பா வருது. சிகரெட் பழக்கம் இல்ல, எக்ஸ்ரே நார்மல். பயப்படணுமா டாக்டர்?

பதில்: கறுப்பு சளியைப் பார்த்து பயந்துட்டீங்க, ஆனா அது வெளிய வந்துடுச்சு. மூச்சுக்குழாய்ல இருக்கிற நுண்ணிய முடிங்க சளியோட சேர்த்து கரியை மேல தள்ளிவிட்டுடுச்சு. எனக்கு கவலை வெளிய வராததைப் பத்திதான். டீசல் புகைல இருக்கிற துகள்ல எண்ணிக்கைப்படி பார்த்தா பெரும்பாலானது 0.1 மைக்ரானுக்கும் சின்னது (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் 1 மைக்ரான்), அது நேரா கடைசியில இருக்கிற காற்றறை வரைக்கும் போயிடும், அங்க தள்ளிவிட முடி கிடையாது.

அங்க காவலுக்கு இருக்கிறது மேக்ரோஃபேஜ்னு ஒரு செல். கிருமியோ தூசியோ வந்தா முழுங்கி, முடிஞ்சதை உள்ளயே கரைச்சிடும், ஆனா டீசல் துகளோட நடுவுல இருக்கிறது வெறும் கரி, அதை எந்த செல்லாலயும் கரைக்க முடியாது. கொஞ்சம் செல்லுங்க கரியைச் சுமந்துக்கிட்டு மேல ஏறி சளியோட போயிடும், கொஞ்சம் நெறிக்கட்டிக்குப் போகும், மீதி அங்கயே செத்து கரியைக் கொட்டும், அதை அடுத்த செல் எடுத்து முழுங்கும். இப்படி கரியை நிரப்பிக்கிட்ட செல் பாக்டீரியாவைப் பிடிக்கிறதுல மந்தமாயிடுது. டிபி கிருமியை முதல்ல எதிர்கொள்றதும் இதே செல்தான், அதனாலதான் புகைல வேலை செய்றவங்க இருமல்னு வந்தா நான் லேசா விடமாட்டேன்.

இன்னொரு பக்கம், கரி மேல ஒட்டியிருக்கிற ரசாயனமும் உலோகமும் செல்லை உசுப்பிவிட, அது ஆள் அனுப்புங்கன்னு சிக்னல் கொடுக்கும், ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுங்க படையா வரும், அதுங்க விடுற என்சைம் நம்ம திசுவையும் சேர்த்தே அரிக்கும். 1999ல வெளியான ஒரு ஆய்வுல நல்ல ஆரோக்கியமா இருந்தவங்களை 1 மணி நேரம் டீசல் புகையை சுவாசிக்க வச்சு, 6 மணி நேரம் கழிச்சு நுரையீரலுக்குள்ள ட்யூப் விட்டு பார்த்தாங்க. ஊதிப் பார்க்கிற டெஸ்ட்ல ஒரு மாற்றமும் இல்ல, ஆனா உள்ள நியூட்ரோஃபில் கூடியிருந்தது. உங்க எக்ஸ்ரே நார்மலும் அப்படித்தான், செல் அளவுல நடக்கிறது ஃபிலிம்ல தெரியாது. நீங்க 1 மணி நேரம் இல்ல, 12 வருஷம்.

இத சொல்றது பயமுறுத்த இல்லங்க, இப்பவும் நிறைய பண்ணலாம். முதல் வேலை, சைலன்சர்ல ஹோஸ் மாட்டி புகையை ஷெட்டுக்கு வெளிய விடுங்க, மாஸ்க்கை விட இதுதான் முக்கியம், முதலாளிகிட்ட கண்டிப்பா கேளுங்க. மாஸ்க்னா என்95, முகத்துல இடைவெளி இல்லாம உட்காரணும் (தாடி இருந்தா உட்காராது), கர்சீஃப் கட்டுறது இந்த அளவு துகளுக்கு பிரயோஜனமே இல்ல. என்95 கூட வாயுவைத் தடுக்காது, அதனால ஹோஸ் வேணும்தான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லயே உறுதியா சொல்லிடுச்சு, முதலாளி தயங்கினா இதையும் சொல்லுங்க.

ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி (முன்னாடி சொன்ன ஊதிப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்து ரிப்போர்ட்டை பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க வேணும். இருமல் 2 வாரம் தாண்டினா, சாயங்காலம் காய்ச்சல் அடிச்சா, எடை குறைஞ்சா உடனே டிபிக்கு சளி டெஸ்ட் எடுக்கணும். சளில ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.