'மே'யா, 'ப்ராபப்ளி'யா?

ராணிப்பேட்டை தோல் கம்பெனியிலிருந்து, "சரக்கு அநேகமாக வெள்ளிக்கிழமை துறைமுகம் போய்விடும்" என்பதை ஆங்கில மெயிலில் 'மே ரீச்' என்று எழுதியதில் வெளிநாட்டு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார் என்றீர்கள். அவர் கோபித்துக்கொண்டது நியாயம்தான். 'மே' என்றால் போகலாம், போகாமலும் இருக்கலாம். 'மைட்' போட்டால் சந்தேகம் இன்னும் கூடும். உங்கள் 'அநேகமாக'வுக்குச் சரியானது 'வில் ப்ராபப்ளி ரீச்' அல்லது 'இஸ் லைக்லி டு ரீச்'. ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 சதவீதம், 'வெரி லைக்லி' என்றால் 90 என்று கணக்கே உண்டு.

அப்புறம், 'மஸ்ட் ரீச்' வேண்டாம். அது 'போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்' என்ற உத்தரவு. லாரி இந்நேரம் காவேரிப்பாக்கம் தாண்டியிருக்கும் என்று ஊகித்துச் சொல்ல 'மஸ்ட் ஹேவ் கிராஸ்டு' பொருந்தும்.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.