விருந்துக்கு ஒரே நிறத்தில் சீஸ் தட்டு அமைப்பது எப்படி?

8 பேருக்கு மாலை விருந்து, சீஸ் தட்டு முழுவதும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஆரஞ்சைத் தேர்ந்தெடுங்கள். சீஸ், பழம் இரண்டிலும் தாராளமாகக் கிடைக்கும் நிறம் அது.

முதலில் பிரான்சின் மிமொலெட், இங்கிலாந்தின் ரெட் லெஸ்டர் என்ற இரண்டு கெட்டிச் சீஸ்களை எடுங்கள். இரண்டுக்கும் அந்த நிறத்தைத் தருவது அன்னாட்டோ விதைச் சாயம். அது சுவையை அநேகமாக மாற்றுவதில்லை. எனவே நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எல்லாமே கெட்டிச் சீஸாக அமைந்தால் கண்ணுக்கு அழகு, நாவுக்குச் சலிப்பு. மூன்றாவதாக பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் எப்வாஸ் என்ற மென்மையான சீஸை வையுங்கள். திராட்சைச் சாராயம் கலந்த நீரால் கழுவிப் பதப்படுத்தும்போது மேலே வளரும் பாக்டீரியாக்களால் அதன் தோல் ஆரஞ்சாகிறது; உள்ளே வெண்ணெய்போல் குழைவு. வாசனை கடுமையானது, ஆகவே ஓரத்தில் தனிக் கத்தியோடு இருக்கட்டும். முதலிரண்டில் தலா 150 கிராம், எப்வாஸ் 250 கிராம் போதும்.

மிமொலெட்டின் குழிவிழுந்த தோலை நீக்கிவிடுங்கள். அது நுண்பூச்சிகளின் வேலை.

இடைவெளிகளில் உலர்ந்த பாதாமி (ஆப்ரிகாட்), சீமைப் பனிச்சை (பெர்சிமன் பழம்), வறுத்த பாதாம். வெட்டிய ஆரஞ்சுச் சுளைகள் வேண்டாம், சாறு கசிந்து சீஸை நனைத்துவிடும்.

சைவ விருந்தினர் இருந்தால் உறைமோர் போல் பாலை உறையவைக்கும் ரென்னெட் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை சீஸ் பொட்டலத்தின் மேல் பாருங்கள். மரபான பிரெஞ்சு வகைகளில் அது கன்றின் இரைப்பையிலிருந்து வருவது. விலங்கிலிருந்து எடுக்காத ரென்னெட்டில் செய்த ரெட் லெஸ்டர் கிடைக்கிறது. பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.