சார்வாள் பேயாக வரமாட்டார்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ஓர் ஆங்கிலத் தொடரில் ஓர் அத்தியாயம் பார்த்தேன். பிள்ளைகளை வதைத்த வாத்தியார் ஒருவர் செத்து, குழியிலிருந்து எழுந்து வந்து, மறுபடியும் வகுப்பு எடுக்கிறார். விரல் அழுகி உதிர்ந்த பிறகும் பிரம்பை விடவில்லை. பயமும் சிரிப்புமாகப் போகிறது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேய்க் கதையில் சிரிப்பைக் கலந்தால் பயம் நீர்த்துப் போகாதா? தமிழில் இப்படி எழுத முடியுமா? இன்னொன்று, வாத்தியாரை இப்படிக் கேவலப்படுத்தியதில் எனக்கு வருத்தம்தான். எங்கள் சார்வாள் அடித்த அடியில்தான் நானெல்லாம் உருப்பட்டேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவுவானா?

ஆர்.,
அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவிலேயே கிடைக்கும். வில்லுப்பாட்டில் சுடலைமாடன் சாமி சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்கிற இடத்தில் பக்கப்பாட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார், கூட்டம் மொத்தமும் சிரிக்கும். அதே பெண்கள்தான் நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது பிள்ளைகளைச் சேலைக்குள் பொத்திக்கொள்வார்கள். சிரித்ததால் யாருக்கும் பயம் குறைந்ததில்லை. தமிழில் எழுதலாம், தாராளமாக எழுதுங்கள்.

உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் என் சார்வாள் ஒருவரின் பதினாறாம் நாளுக்குப் போய்வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினோம். எல்லாரும் பேசியது அவருடைய அடியைப் பற்றித்தான். "அன்னைக்கு அந்த அடி விழலைன்னா இன்னைக்கு நான் இல்லை" என்று நன்றாக இருக்கிற மனிதர்கள் கண்கலங்கிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் திக்குவாய். கணக்கில் புலி. செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். சார்வாள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அடி வாங்கப் போகிறவனேதான் வாய்க்கால் கரைப் புளிய மரத்தில் விளார் ஒடித்துக்கொண்டு வர வேண்டும். "ஏல, நல்லதா ஒடிச்சிட்டு வா" என்பார். அவன் தினமும் போய்ப் போய் அதில் தேர்ந்துவிட்டான். காய்ந்த விளார் சட்டென்று ஒடிந்துவிடும், அப்புறம் இன்னொன்றுக்கு மறுபடி போக வேண்டும், ஒடித்ததற்கு இரண்டு அடி கூடுதல். ரொம்பப் பச்சையாக இருந்தால் கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது என்று, நகத்தால் பட்டையைக் கீறிக் கீறிப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். இலையை உருவும்போது அடியிலிருந்து நுனிக்கு உருவு, கணு துருத்தி நிற்காது என்றான். பன்னிரண்டு வயதுப் பையன், தம்பி. ஒரு நாள் புறங்கையில் விழுந்த அடியில் நடுவிரல் வீங்கிக் கறுத்தது. மறுநாள் அவன் வரவில்லை. அம்மாவோடு பீடித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். அந்த விரல் சரியாக மடங்காததால் வேகமாகச் சுற்றவும் வராது, இலை வெட்டிக் கொடுப்பான்.

அந்தச் சார்வாள் கைக்காசைப் போட்டுப் பல பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டியவர். எனக்கும் கட்டினார். இரண்டையும் ஒரே கைதான் செய்தது என்பதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

உருப்பட்டேன் என்கிறீர்களே, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த வகுப்பில் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தீர்களா? அவர்கள் எனக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். அடி வாங்கித் தப்பித்தவன் அடியைப் புகழ்கிறான், தப்பிக்காதவனிடம் யாரும் கேட்பதில்லை. நம் அப்பா அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்வாள்" என்று கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்தானே. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டதற்குக் கோதண்டம் என்று பேர் வைத்த சமூகம் இது. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதியைத் திருத்தி அடிப்பதைத் தடுத்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடம்பில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மகளின் வாத்தியாரிடம் அதைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

நீங்கள் பார்த்த கதை அந்த ஊர்க் கதை, அங்கே கொடியவன் எழுந்து வரட்டும். நம் பக்கத்தில் அப்படி வருவதில்லை. இங்கே திரும்பி வருகிறவர்கள் அநியாயமாகச் செத்தவர்கள், ஆசை தீராமல் போனவர்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை போடுகிறார்களே, நீங்கள் ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன், மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்பு அவன் நடந்து நடந்து தேய்கிறது என்று இன்றும் நம்புகிறார்கள். 1809 ஆரல்வாய்மொழிச் சண்டையில் காயம்பட்டுச் செத்த ஓர் ஆங்கிலேய அதிகாரியைப் புதைத்த மணற்காட்டில் சனங்கள் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதைப் பாதிரியார் கால்டுவெல் 1849இல் எழுதியிருக்கிறார். அந்நியப் படைக்காரன்தான், ஆனாலும் ஊர் விட்டு ஊர் வந்து அகாலத்தில் செத்தான் இல்லையா, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் சார்வாளுக்குப் பேயாக வர ஒரு காரணமும் இல்லை. ஓய்வூதியம் வாங்கி, பேரன் பேத்தி பார்த்து, மாலையோடு போனார். குறை இருக்கிறவன் இன்னும் பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கிறான்.

விசேஷம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். யார் யார் பேசினார்கள் என்று கேட்டான். சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தப் பு... புளிய மரம் நிக்கா?" என்றான். நிற்கிறது என்றேன்.

நீங்கள் எழுதுகிற கதையில் அவனை அந்த மரத்திலிருந்து இறக்குங்கள். சிரிப்பாகவே எழுதுங்கள், அவனுக்குச் சிரிக்கப் பிடிக்கும். வில்லுப்பாட்டுக்காரர் மாதிரி இடையில் கேள்வி கேட்க ஒருவனை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவள் எந்த இடத்தில் சிரித்தாள் என்று குறித்து வைத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி