இருமினால் கசிகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. இதற்குப் பயந்து கம்பெனி பஸ் ஏறும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. போனில் பார்த்து கெகல் பயிற்சியை ஒரு மாதம் செய்தேன், பலனில்லை. கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் நாத்தனார். பிரசவமாகி இரண்டு மாதமான என் மகளும் தும்மும்போது கசிகிறது என்கிறாள். என்ன செய்யட்டும்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் கர்ப்பப்பையை விட்டுவிடுங்கள் சகோதரி. அதற்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமில்லை. அதை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் கசிவு கூடிய கதையும் உண்டு. கசிவுக்கென்று வேறு ஆபரேஷன் இருக்கிறது. அதைப் பற்றி யோசிப்பது பயிற்சியை முறையாகச் செய்து பார்த்த பிறகு.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசை சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கி நிற்கிறது. பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்கிறது. இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தத்துக்கு ஈடாக அதனால் சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. 1948-லேயே அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் இந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைச் சொல்லிவிட்டார். நீங்கள் செய்த கெகல் பயிற்சி அதுதான்.

உங்களுக்கு ஏன் பலிக்கவில்லை? நீங்கள் தசையை மேலே இழுக்காமல் கீழே முக்கியிருக்கலாம் என்பது என் சந்தேகம். 1991-ல் அமெரிக்காவில் பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர் செய்தது, கசிவை வளர்க்கிற மாதிரி இருந்தது. போனில் பார்த்துச் செய்கிறவர்களை என்ன சொல்ல!

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அந்த இடத்தை இறுக்கி, அப்படியே சிறுநீர் வழியையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். ஒரு கை வயிற்றின்மேல் இருக்கட்டும். வயிறு புடைக்கக் கூடாது, பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள்: பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் உள்ளே போனால் சரி, வெளியே தள்ளினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பு. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை மட்டும் வழக்கமாக்காதீர்கள். சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

முதலில் மூன்று எண்ணும்வரை பிடித்து, அதே அளவு விட்டு, மெல்ல மெல்லப் பத்து எண்ணும் அளவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். ஒரு மாதம் போதாது. பழகிய பிறகு தையல் மெஷின் முன் உட்கார்ந்தே செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகைக் கசிவுக்குப் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்.

கூடவே ஒரு சூட்சுமம். இருமலோ தும்மலோ வருகிறது என்று தெரிந்த அந்த நொடியில் தசையை இறுக்கி, அது முடியும்வரை விடாதீர்கள். குடத்தைத் தூக்குவதற்கு முன்னும் அப்படியே. நேரம் தவறாமல் இறுக்கப் பழகினால் ஒரே வாரத்தில் கசிவு குறைவதை 1998-ல் ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் வேலூர் வெயிலில் அது கல்லடைப்புக்கு அழைப்பு. மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கியே அந்தத் தசை இன்னும் தளரும். டீயை வேண்டுமானால் குறையுங்கள். எடை கூடியிருந்தால் குறைப்பதும் உதவும். பிரஷருக்கு எனாலாபிரில் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே வறட்டு இருமலைக் கொடுக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

ஒரு தடவையாவது கைதேர்ந்தவர் பார்க்க வேண்டும். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கும் சிறுநீருக்கும் பரிசோதித்துக்கொண்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ போய் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். தசையைச் சரியாக இறுக்குகிறேனா என்று பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். எரிச்சல், ரத்தம், அடி இறங்குவது போன்ற உணர்வு, இருமாமலே நாள் முழுக்கச் சொட்டுவது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்கும் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். தையல் போட்ட இடத்தில் இன்னும் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்கட்டும். அடுத்த பிள்ளை உண்டாகும்போது மாசமாக இருக்கையிலேயே செய்துவரலாம்.